பழைய எஞ்சின் எவ்வளவு அடி தாங்கும்?

"அந்தக் காலத்து எஞ்சின், என்ன அடி அடித்தாலும் தாங்கும்." இலங்கை மலையகத்தில் எந்தக் கராஜ் வாசலில் நின்றாலும் இந்தப் பேச்சு காதில் விழும். மொரிஸ் மைனருக்கும் லேண்ட் ரோவருக்கும் சொல்வார்கள், டட்சன் சன்னிக்கும் கேஈ கொரோலாவுக்கும் டொல்பின் வேனுக்கும் சொல்வார்கள். அந்தப் பேச்சில் நிறைய உண்மை இருக்கிறது. அது எங்கே பொய்த்துப்போகிறது என்று தெரியாததால்தான் இன்னும் இருபது வருடம் ஓடியிருக்க வேண்டிய எஞ்சின்கள் பழைய இரும்புக் கடைக்குப் போகின்றன. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, சொந்தப் பாவனைக் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. புது வாகனத்தின் விலையைப் பார்த்தால், கையில் இருக்கும் பழையதைக் காப்பாற்றுவதைத் தவிர நம்மில் பலருக்கு வேறு வழியும் இல்லை. ஆகவே எந்த அடியை அது தாங்கும், எதைத் தாங்காது என்பதைப் பிரித்துப் பார்ப்பது நல்லது.

முதலில், ஏன் தாங்குகிறது? 1098 சிசி மொரிஸ் மைனர் எஞ்சின் தருவது 48 குதிரைவலு, அதுவும் நிமிடத்துக்கு 5,100 சுற்றில். லீற்றருக்குக் கணக்குப் பார்த்தால் 44. பழைய சீரிஸ் லேண்ட் ரோவரின் 2286 சிசி பெற்றோல் எஞ்சின் தருவது சுமார் 70 குதிரைவலு, லீற்றருக்கு முப்பதுதான். இன்றைக்கு 660 சிசி டர்போ எஞ்சின் ஒன்றிலிருந்து 64 குதிரைவலு எடுக்கிறார்கள், லீற்றருக்கு 97. ஒரு மூட்டையை இரண்டு பேர் தூக்குவதற்கும் ஆறு பேர் தூக்குவதற்கும் உள்ள வித்தியாசம் அது. பழைய எஞ்சினில் ஒவ்வொரு பாகமும் தன் பலத்தில் பாதியைக்கூடப் பாவிக்காமலே ஓடுகிறது.

மைனர், லேண்ட் ரோவர் இரண்டு எஞ்சினிலும் சிலிண்டர்கள் உள்ள பிளாக்கும் அதன் மேல் மூடும் ஹெட்டும் வார்ப்பிரும்பு. சூடேறும்போது இரண்டும் ஒரே அளவில் விரியும், ஒன்றை ஒன்று இழுக்காது. சிலிண்டருக்குள் கலவையை நெரிக்கும் அளவு, அதாவது கம்ப்ரஷன், லேண்ட் ரோவரில் 7க்கு 1, மைனரில் 8.5க்கு 1. அதனால் தரம் குறைந்த பெற்றோலுக்கும் ஈடுகொடுக்கும். வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டைச் சுற்றுவது சங்கிலி. சங்கிலி தேய்ந்தால் நீளும், முன்பக்கக் கவருக்குள் கிடந்து கலகலவென்று அடிக்கும், ஆயிரக்கணக்கான கிலோமீற்றருக்கு முன்பே சொல்லிவிடும். டைமிங் பெல்ட் அப்படிச் சொல்லாது. ஒரு நாள் அறுந்துவிடும். கொரோலாவின் 5ஏ-எஃப்இ எஞ்சினில் பெல்ட் அறுந்தால் வண்டி நின்றுவிடும், வால்வுக்குச் சேதமில்லை. டவுன்ஏஸ், லைட்ஏஸ் வேன்களின் 2சி டீசலில் அறுந்தால் பிஸ்டன் வால்வில் அடித்துவிடும். பெல்ட்டின் ஆயுள் 100,000 கிலோமீற்றர் என்று எழுதியிருந்தாலும், மலைப்பாதையில் ஓடும் 2சிக்கு 80,000இல் மாற்றிவிடுவதுதான் என் சிபாரிசு.

இப்படிக் கட்டப்பட்ட எஞ்சின் எதையெல்லாம் பொறுத்துக்கொள்ளும்? பிளக் பொறிவிடும் டைமிங் நாலைந்து பாகை தவறியிருக்கலாம். பொறிக்காக மின்சாரத்தை அறுத்து அறுத்து விடும் பொயின்ட்டின் இடைவெளி 0.4 மில்லிமீற்றர் இருக்க வேண்டிய இடத்தில் பாதியாகத் தேய்ந்திருக்கலாம். ஒரு பிளக் செத்து மூன்று சிலிண்டரில் வீடு வந்து சேரலாம். ஆனால் அப்படியே நாட்கணக்கில் ஓடினால் எரியாத பெற்றோல் அந்த சிலிண்டர் சுவரில் இருக்கும் ஒயிலைக் கழுவி, ரிங்கைத் தின்றுவிடும். ஒயில் மாற்றுவது ஆயிரம் இரண்டாயிரம் கிலோமீற்றர் பிந்தலாம். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கேன்களில் மாதக்கணக்கில் சேர்த்துவைத்த பெற்றோலை ஊற்றியும் ஓடினார்கள். காபரேட்டர் வண்டிகளில் அதனால் வந்த வினை பெரும்பாலும் பெற்றோல் பாயும் சின்னத் துளையான ஜெட்டின் அடைப்புத்தான். மிதவைக் கிண்ணத்தைக் கழற்றி, அடியில் உள்ள பிசினைத் துடைத்து, ஜெட்டைக் காற்றால் ஊதினால் சரி. கம்பி விட்டுக் குத்தக் கூடாது. துளை பெரிதாகிவிட்டால் அதன் பிறகு பெற்றோல் செலவு ஏறிக்கொண்டே போகும்.

தாங்காதவை இரண்டு: சூடு, ஒயில் இல்லாத ஓட்டம். மலையகத்தில் இரண்டும் மற்ற இடங்களைவிட சீக்கிரம் வந்து கதவைத் தட்டும்.

சூட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் செத்துப்போகும் எஞ்சின்களில் அதிகம் இதனால்தான். கடல் மட்டத்தில் தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும். ஹட்டனில் கிட்டத்தட்ட 96 பாகை. நுவரெலியா 1,868 மீற்றர், 6,128 அடி. அங்கே திறந்த பாத்திரத்தில் 94 பாகையிலேயே கொதித்துவிடும். எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் அடைத்துவைக்கும் தேர்மோஸ்டட் திறக்கத் தொடங்குவது 82 பாகையில், சிலவற்றில் 88இல். ஆக, ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடிக்காமல் விட்டால், 88 பாகைத் தேர்மோஸ்டட் உள்ள எஞ்சினுக்கு நானுஓயா ஏற்றத்தில் மிஞ்சுவது 6 பாகை மட்டும். அழுத்தம் 0.9 என்று எழுதிய, நல்ல நிலையில் உள்ள மூடி அந்தக் கொதிநிலையை இருபது பாகைக்கு மேல் உயர்த்தித் தரும். கொழும்பில் பழுதான மூடியோடு வருடக்கணக்கில் ஓடிய கார், ஏப்ரல் வசந்த காலத்துக்கு நுவரெலியா வரும்போது இறம்பொடையில் ஆவி விடுவது இதனால்தான். அந்தக் காருக்கு அதுவரை நோயே இல்லை என்று உரிமையாளர் சத்தியம் செய்வார். நோய் ஏற்கெனவே இருந்தது, மலைதான் காட்டிக்கொடுத்தது.

மூடியைப் பார்ப்பது எப்படி? எஞ்சின் முழுதாக ஆறியிருக்க வேண்டும். கழற்றிக் கவிழ்த்துப் பிடித்து, கீழே உள்ள இறப்பர் வட்டத்தை விரலால் தடவுங்கள். வரிவரியாகப் பதிந்தோ வெடித்தோ இருந்தால் வீசிவிடுங்கள். நடுவில் சின்னத் தகடு ஒன்று இருக்கும். நகத்தால் இழுத்து விட்டால் டக்கென்று திரும்பி ஒட்ட வேண்டும். எஞ்சின் ஆறும்போது தண்ணீரைத் திரும்ப உள்ளே எடுப்பது அதுதான். அது இறுகிப்போன வண்டியில், காலையில் பொனெட்டைத் திறந்தால் ரேடியேட்டரின் மேல் ஹோஸ் சப்பி ஒட்டிக் கிடக்கும். புது மூடி வாங்கும்போது பழையதில் இருந்த எண்ணையே வாங்குங்கள். பழைய பிரித்தானியக் கார்களில் 7 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 7 இறாத்தல் அழுத்தம்) மூடி இருக்கும். அதில் 13 பிஎஸ்ஐ மூடியைப் போட்டால் ஐம்பது வருடத்து ஈய ஒட்டு பிரிந்து ரேடியேட்டர் ஒழுகத் தொடங்கும்.

தேர்மோஸ்டட்டைக் கழற்றி வீசும் வழக்கம் நம் பக்கம் அதிகம். "கழற்றிவிட்டால் சூடே ஏறாது" என்பார்கள். இதை நான் முழு மூச்சாக எதிர்க்கிறேன். பனிமூட்டத்தில் லிந்துலையிலிருந்து தலவாக்கலைக்கு இறங்கும் வண்டி, தேர்மோஸ்டட் இல்லாவிட்டால் ஓட்டுச் சூட்டுக்கே வராது. குளிர்ந்த எஞ்சினில் பெற்றோல் முழுதாக எரியாமல் ஒயிலில் இறங்கும், ஈரம் சேரும், ஒயில் சேறாகும், சிலிண்டர் சுவர் தேயும். இன்னொன்றும் உண்டு. பல ஜப்பான் எஞ்சின்களின் தேர்மோஸ்டட்டுக்கு அடியில் ஒரு தட்டு இருக்கும். மேலே திறக்கும்போது அது கீழே பைபாஸ் வழியை அடைக்கும். தேர்மோஸ்டட்டை எடுத்துவிட்டால் அந்த வழி எப்போதும் திறந்தே கிடக்கும். சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலே பிளாக்குக்குள் சுற்றும். ஏற்றத்தில் முன்னைவிட அதிகம் சூடேறும்.

தேர்மோஸ்டட்டைச் சோதிக்க சட்டியில் தண்ணீர் கொதிக்கவைத்துப் போடுவது பழைய முறை, நல்ல முறை. ஆனால் நுவரெலியாவில் அதற்கும் ஒரு பிடி இருக்கிறது. 88 பாகையில் திறக்கத் தொடங்கும் தேர்மோஸ்டட் முழுதாகத் திறக்க இன்னும் பத்துப் பன்னிரண்டு பாகை வேண்டும். சட்டித் தண்ணீரோ 94ஐத் தாண்டாது. அரைகுறையாகத் திறந்து நிற்பதைப் பார்த்து "பழுது" என்று நல்ல சாமானைக் குப்பையில் போட்டுவிடுவார்கள். வெப்பமானியை வைத்து, திறக்கத் தொடங்கும் சூட்டை மட்டும் பாருங்கள். அது எழுதியுள்ள எண்ணுக்கு இரண்டு பாகை முன்பின்னாக இருந்தால் போதும்.

தண்ணீர் விஷயம். பீலித் தண்ணீரையும் ஓடைத் தண்ணீரையும் ஊற்றி ஓட்டும் இரும்பு பிளாக்குக்குள் துரு கட்டும். அது கடைசி சிலிண்டரைச் சுற்றி அடியில் போய்ப் படியும். ரேடியேட்டரை எத்தனை தடவை கழுவினாலும் அந்தச் சேறு வெளியே வராது. பிளாக்கின் பக்கத்தில் உள்ள வடிகால் குழாயைத் திறந்து, தண்ணீர் வராவிட்டால் வளைந்த கம்பியால் குத்தி, சிவப்புச் சேறு முடிந்து தெளிந்த தண்ணீர் வரும்வரை ஹோஸால் அடிக்க வேண்டும். பிறகு கூலன்ட் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு, முடிந்தால் சரிபாதி. நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரியில் புல்லில் உறைபனி விழுந்தாலும் பிளாக் உறைந்து வெடிப்பது இங்கே கவலையில்லை. கூலன்ட் போடுவது துருவுக்கும் கொதிநிலைக்கும். ஊற்றும்போது காற்று அடைபட்டுக்கொள்ளும், அதுவும் எஞ்சின் சீட்டுக்கடியில் உள்ள வேன்களில். நமக்குச் சரிவுக்குப் பஞ்சமில்லை: வண்டியின் மூக்கு மேலே இருக்கும்படி ஏற்றத்தில் நிறுத்தி, சில்லுக்குக் கட்டை வைத்து, ஹீட்டரைத் திறந்துவிட்டு, மூடியில்லாமல் ஐடிலில் ஓடவிட்டால் குமிழி குமிழியாகக் காற்று வெளியே வரும்.

ஏறும் வழியில் சூடேறிவிட்டால் என்ன செய்வது? முள் மேலே போகிறது, ஆவி இன்னும் இல்லை என்றால் ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழுதாகத் திறந்து, ஓரம் கட்டி, எஞ்சினை 1,500 சுற்றில் இரண்டு மூன்று நிமிடம் ஓடவிடுங்கள். பம்பும் ஃபேனும் சுற்றினால்தான் சூடு வெளியேறும். ஆவி வந்துவிட்டால், அல்லது தண்ணீர் கொட்டிவிட்டால், உடனே நிறுத்த வேண்டும். இங்கே ஒரு ஏமாற்று இருக்கிறது, கவனமாகப் பாருங்கள்: மேலே நின்ற முள் திடீரென்று கீழே விழும். ஆறிவிட்டது என்று சந்தோஷப்பட்டு ஓட்டுவார்கள். சென்சரைத் தொட்டுக்கொண்டிருந்த தண்ணீர் இல்லாமல் போனதால்தான் முள் விழுகிறது. அந்த நிமிடத்திலிருந்து ஓடும் ஒவ்வொரு கிலோமீற்றரும் ஹெட்டைத் தின்னும்.

நிறுத்திய பிறகு அரை மணி முதல் முக்கால் மணி நேரம் மூடியைத் தொடாதீர்கள். ரேடியேட்டரின் மேல் தொட்டியில் உள்ளங்கையை வைத்துப் பொறுக்க முடிந்தால்தான் திறக்கலாம். பக்கத்து அருவியில் இருந்து பிடித்துவரும் பச்சைத் தண்ணீரை காய்ந்த பிளாக்கில் ஊற்றினால் இரண்டு வால்வுக்கு நடுவே ஹெட் வெடிக்கும். இரும்பு எஞ்சின் எதையும் தாங்கும் என்ற நம்பிக்கை உடையும் இடம் இதுதான். எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி, ஐடிலில் ஓடும்போதே, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும்.

அலுமினிய ஹெட் உள்ளவற்றுக்கு இந்தச் சலுகையும் இல்லை. அலுமினியம் இரும்பைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விரியும். போல்ட் இறுக்கிப் பிடித்திருக்க, விரிய இடமில்லாமல் ஹெட் வளையும். 2சி டீசலில் ஹெட் வெடிப்பது கராஜ்காரர் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஒரு தடவை நன்றாகச் சூடேறிய எஞ்சினின் ஹெட்டைக் கழற்றினால், கேஸ்கட்டை மட்டும் மாற்றிப் பூட்டிவிடாதீர்கள். நேர்விளிம்பை நீளவாக்கில் இரண்டு, குறுக்கில் இரண்டு, மூலைக்கு மூலை இரண்டு என்று ஆறு இடத்தில் வைத்து ஃபீலர் கேஜால் பாருங்கள். சின்னப் பெற்றோல் எஞ்சின்களுக்கு 0.05 மில்லிமீற்றர் தகடு உள்ளே நுழைந்தாலே லேத்துக்குப் போக வேண்டும். பூட்டும்போது போல்ட் துளைக்குள் ஒயிலோ தண்ணீரோ தேங்கியிருக்கக் கூடாது. போல்ட் இறங்கும்போது அந்தத் திரவம் போக வழியில்லாமல் பிளாக்கையே பிளந்துவிடும். நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மூன்று தடவையாக இறுக்க வேண்டும். மைனர் எஞ்சினுக்குக் கடைசி இறுக்கம் 40 இறாத்தல் அடி. 500 கிலோமீற்றர் ஓடியபின் மறுபடி இறுக்கி, டெப்பட் இடைவெளியையும் (வால்வுக்கும் அதை அழுத்தும் கைக்கும் இடையே உள்ளது) மறுபடி பார்க்க வேண்டும்.

ஒயில் மூடிக்கு அடியில் வெண்ணெய்போல் மஞ்சள் பசை கண்டால் ஹெட் கேஸ்கட் போய்விட்டது என்று பதறுபவர்கள் உண்டு. குளிரில் ஐந்து நிமிட ஓட்டம் மட்டுமே ஓடும் வண்டியில் அது வெறும் ஈரம். டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். அதில் ஒயில் பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தால்தான் பதற வேண்டும்.

அடுத்தது ஒயில். மைனரில் எஞ்சினுக்கு அடியில் ஒயில் தங்கும் சம்ப்பில் நிற்பது 3.7 லீற்றர் அளவு. டிப்ஸ்டிக்கின் இரண்டு கோட்டுக்கும் இடையே பெரும்பாலான கார்களில் ஒரு லீற்றர். சமதரையில் கீழ்க்கோட்டில் நிற்கும் எஞ்சின் தப்பிவிடும். கடுகண்ணாவை வளைவிலோ, கினிகத்தேனைக்கு மேலே கொண்டை ஊசி வளைவிலோ, சரிவும் திருப்பமும் சேரும்போது ஒயில் ஒரு பக்கமாக ஒதுங்கி பம்ப்பின் உறிஞ்சு குழாய் காற்றை இழுக்கும். ஒயில் விளக்கு ஒரு நொடி மின்னி மறையும். அந்த விளக்கு எரிவது அழுத்தம் சுமார் 5 பிஎஸ்ஐக்குக் கீழே போன பிறகுதான். அதை எச்சரிக்கை என்று எண்ணக் கூடாது, காரியம் முடிந்த செய்தி என்றே எடுக்க வேண்டும். வளைவில் மட்டும் மின்னினால் அளவு குறைவு. சூடான ஐடிலில் மின்னி, பெடலை மிதித்தவுடன் அணைந்தால் பெயாரிங் தேய்வு, அல்லது பெற்றோல் கலந்து ஒயில் நீர்த்துவிட்டது. டிப்ஸ்டிக்கை மூக்கருகே பிடித்தால் பெற்றோல் மணம் சொல்லிவிடும். ஆயிரம் சுற்றுக்கு 10 பிஎஸ்ஐ இருந்தால் பழைய எஞ்சினுக்குப் போதும். 20டபிள்யூ-50 மினரல் ஒயில், காபரேட்டர் எஞ்சினுக்கு 3,000 கிலோமீற்றருக்கு ஒரு தடவை. மேலே ஏறுவதற்கு முன் அளவு மேல்கோட்டில் இருக்கட்டும்.

கியர் பாவிப்பதில் பலர் தலைகீழாக நினைக்கிறார்கள். பழைய எஞ்சினைக் "கத்தவிடக் கூடாது" என்று மூன்றாம் கியரிலேயே உறுமவைத்து ஏற்றுவார்கள். 1,200 சுற்றில் பெடலை முழுதாக மிதிப்பது, 4,000 சுற்றில் ஏறுவதைவிடப் பெரிய கொடுமை. சுற்றுக் குறைந்தால் ஒயில் அழுத்தம் குறையும், தண்ணீர் பம்பும் ஃபேனும் மெதுவாகும், ஆனால் பிஸ்டனை அடிக்கும் வெடிப்பு முழு பலத்தோடு பெயாரிங்கில் இறங்கும். 1098 மைனரின் இழுவை உச்சம் 2,500 சுற்றில். அதற்குக் கீழே இறங்குமுன் கியரை மாற்றுங்கள். கூடவே நினைவில் வைக்க வேண்டியது: நுவரெலியாவில் காற்றழுத்தம் கடல் மட்டத்தின் 80 வீதம்தான். 48 குதிரையில் 39க்குக் கிட்டத்தான் மேலே வந்துசேரும். காற்று குறைவதால் காபரேட்டர் கலவை தடிக்கும், பிளக் கறுக்கும். அதைச் சரிசெய்கிறேன் என்று மேலே வைத்து கலவையை மெலியவைத்துவிட்டு, அப்படியே கொழும்புக்கு இறங்கி வேகமாக ஓட்டினால் கலவை இன்னும் மெலிந்து எக்ஸோஸ்ட் வால்வும் பிஸ்டன் தலையும் எரியும். இரண்டு பக்கமும் ஓடும் வண்டிக்கு நடுவில் ஒரு அளவு: கண்டியில் வைத்துச் சரிசெய்வது நல்லது.

இறக்கத்தில் எஞ்சினைப் பிரேக்காகப் பாவிப்பதால் எஞ்சினுக்குக் கேடில்லை. நியூட்ரலில் விட்டு ஒயிலும் பெற்றோலும் மிச்சம் பிடிக்கிறவர்கள் உயிரோடு விளையாடுகிறார்கள். எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். ஆபத்து ஒன்றுதான்: மூன்றிலிருந்து இரண்டுக்குப் போட நினைத்து ஒன்றில் விழுந்தால், சில்லு எஞ்சினைச் சுற்றும். அந்தச் சுற்றை எந்த எஞ்சினும் தாங்காது, வால்வு ஸ்பிரிங் பின்தங்கி புஷ் ரொட் வளையும்.

இறக்கம் ஒரு சோதனைக் கருவியும்கூட. நீண்ட இறக்கத்தில் பெடலை விட்டு வந்து, அடிவாரத்தில் மிதிக்கும்போது பின்னால் நீலப் புகை பொத்தென்று வந்து நின்றுவிட்டால் வால்வின் தண்டு ஓடும் கைட், சீல் தேய்ந்திருக்கிறது. பெடல் விட்ட நிலையில் மனிஃபோல்டில் உறிஞ்சு விசை அதிகம். அது கைட் வழியாக ஒயிலை இழுத்துவிடும். இது ஹெட்டோடு முடியும் வேலை. ஏற்றத்தில் மிதிக்க மிதிக்க நீலப் புகை தொடர்ந்தால் பிஸ்டன் ரிங். முழு எஞ்சினும் பிரிக்க வேண்டும்.

2002 ஜூனில் ஈயம் கலந்த பெற்றோல் நம் நாட்டில் நிறுத்தப்பட்டது. பழைய இரும்பு ஹெட்களில் எக்ஸோஸ்ட் வால்வு சீட்டைக் காத்துவந்தது அந்த ஈயம். ஊருக்குள் மெதுவாக ஓடும் காருக்கு இதனால் பெரிய வித்தியாசமில்லை. நீண்ட ஏற்றங்களில் ஓடும் காருக்கு உண்டு. சூட்டில் வால்வு சீட்டோடு ஒட்டி ஒட்டிப் பிய்ந்து உள்ளே உள்ளே அமிழும். வினோதம் என்னவென்றால் டெப்பட் சத்தம் கூடாது, குறையும். எஞ்சின் அமைதியாகிவிட்டதே என்று விட்டுவிட்டால், இடைவெளி பூச்சியமாகி வால்வு மூடாமல் எரிந்துவிடும். மைனருக்கு இந்த இடைவெளி ஆறிய நிலையில் அங்குலத்தில் ஆயிரத்தில் 12, அதாவது 0.30 மில்லிமீற்றர். 5,000 கிலோமீற்றருக்கு ஒரு தடவை பார்த்து எழுதிவையுங்கள். ஒரே எக்ஸோஸ்ட் வால்வு ஒவ்வொரு முறையும் இறுகிக்கொண்டு வந்தால், ஹெட்டைக் கழற்றிக் கடினச் சீட் இறக்கும் நேரம் வந்துவிட்டது.

கம்ப்ரஷன் பார்க்கும்போதும் உயரத்தை மறக்காதீர்கள். கொழும்பில் 160 பிஎஸ்ஐ காட்டும் எஞ்சின், ஒரு குறையும் இல்லாமலே நுவரெலியாவில் 130க்குக் கீழே காட்டும். புத்தகத்தில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டு நல்ல எஞ்சினைப் பிரித்துப்போட்டவர்கள் இருக்கிறார்கள். எஞ்சின் சூடாக, எல்லாப் பிளக்கும் கழற்றி, பெடல் முழுதாக மிதித்து, ஒவ்வொரு சிலிண்டரையும் ஆறு சுற்று சுற்றுங்கள். சிலிண்டர்களுக்கிடையே வித்தியாசம் 10, 15 வீதத்துக்குள் இருந்தால் நல்லது. ஒன்று மட்டும் குறைந்தால் அதில் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கட்.

டீசலில் மண்ணெண்ணெய் கலப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய லொறி, பஸ்களில் டீசலைப் பீச்சும் வரிசைப் பம்ப், எஞ்சின் ஒயிலில் நனைந்து ஓடும். கொஞ்சக் காலம் தாக்குப்பிடிக்கும். 2சி, 3எல் எஞ்சின்களின் சுழல் பம்புக்கு டீசலே மசகு. அதில் மண்ணெண்ணெய் கலந்தால் பம்ப் தன்னைத்தானே அரைத்துக்கொள்ளும். லொறிக்காரர் செய்வதைப் பார்த்து வேன்காரர் செய்யக் கூடாத காரியம் இது.

தூசு: தோட்டத்துப் பாதையில் எயார் ஃபில்டர் இல்லாமல் ஒரு நாளும் ஓடாதீர்கள். லேண்ட் ரோவரின் ஒயில் குளியல் ஃபில்டரில் சேறு படிந்ததும் கழுவி, கோடுவரை புது ஒயில் விடுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகும் எஞ்சின் தேய்ந்துவிட்டால், பழையதற்கு இன்னொரு பிறவி உண்டு. தடித்த இரும்புச் சுவரை அங்குலத்தில் ஆயிரத்தில் 20, 40, மைனரில் 60 வரைகூடக் கடைந்து பெரிய பிஸ்டன் போடலாம். கிராங்கை 10, 20, 30 என்று தேய்த்து அதற்கேற்ற பெயாரிங் பூட்டலாம். ஹெட் கழற்றியதும் சிலிண்டரின் மேல் விளிம்புக்குக் கீழே நகத்தை வைத்து மேலே இழுங்கள். நகம் தடக்கென்று மாட்டும் திட்டு இருந்தால் ரிங் மட்டும் மாற்றுவது காசை ஆற்றில் போடுவது, ரீபோர்தான் வழி. ஆனால் பிஸ்டன் செட் கைக்கு வருமுன் பிளாக்கை லேத்துக்குக் கொடுக்காதீர்கள். 40 இருக்கிறது என்று தொலைபேசியில் சொன்ன கடையில் 60 மட்டும் இருக்கலாம், கடைந்த இரும்பைத் திரும்ப ஒட்ட முடியாது. பிஸ்டனையும் பிளாக்கையும் சேர்த்தே கொண்டுபோய், ஒவ்வொரு பிஸ்டனையும் அளந்து, அதற்குரிய சிலிண்டரின் எண்ணை அதன் தலையில் எழுதிக் கடையச் சொல்லுங்கள்.